சங்குவாடியின் ஒரேயொரு பொது அங்கத்தவர்

சங்குவாடி நடுத்தெருவில் நின்று "தலைவர்!" என்று ஒருதரம் கூப்பிட்டுப் பாருங்கள். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருப்பவர் திரும்புவார். கடைக்குள் சீனி நிறுப்பவர் எட்டிப் பார்ப்பார். சைக்கிளில் போகிறவர் காலூன்றி நிற்பார். "செயலாளர்!" என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள், போக்குவரத்து நின்றுபோகும். மன்னார்த் தீவின் பேசாலையில் இருந்து மணல் றோட்டால் கொஞ்சத் தூரம் வந்தால் வருகிற இந்தச் சின்ன ஊரில் பதவி இல்லாத உயிர்கள் இரண்டே வகை. ஒன்று றோட்டில் திரிகிற கழுதைகள், மற்றது சவிரியான். கழுதைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எல்லாம் சங்கத்தால் வந்தது. சங்கத்தின் முழுப்பெயர் சங்குவாடி ஒன்றிணைந்த மக்கள் நலன்புரி, மரண உதவி, விளையாட்டு மற்றும் கலாசார மேம்பாட்டுச் சங்கம். பெயர்ப்பலகை பொதுநோக்கு மண்டபத்தின் முகப்பில் கொள்ளாமல் பக்கச்சுவருக்குத் திரும்பிப் போகிறது. விளையாட்டு என்று பெயரில் இருக்கிறதே தவிர, ஒரு பந்து வாங்கியதாகக்கூட ஊரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. சங்கத்திடம் உண்மையாக இருந்தது நீலப் பிளாஸ்ரிக் கதிரைகளும் ஒரு தகரக் கொட்டகையும்தான். ஆனால் அது லேசுப்பட்ட சொத்தில்லை, பாருங்கள். ஒரு மனுசன் அந்த ஊரில் ஆளாக வாழ்ந்தானா இல்லையா என்பது அவன் செத்தவீட்டில் சனம் கதிரையில் இருந்ததா நின்றதா என்பதில்தான் தெரியும்.

சவிரியான் பாதி வாழ்க்கையைத் தமிழ்நாட்டில் அகதி முகாமில் கழித்தவர். அங்கே அவர் சிலோன்காரன். மனைவி றஞ்சினியையும் தாயையும் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பி வந்தார், இங்கே அவர் இந்தியாக்காரர். போகப் போகச் சரிவரும் என்று நினைத்து அவர் மற்றவர் படகில் பங்குக்குக் கடலுக்குப் போனார், றஞ்சினி கருவாட்டு வாடியில் வேலைக்குச் சேர்ந்தாள். அடுத்த வருசம் தாய் கண்ணை மூடியபோதுதான் விசயம் விளங்கியது. சனம் வந்தது, வராமல் இல்லை. வந்து, பனைக்குக் கீழே கால் மாற்றி மாற்றி நின்றது. செபம் சொல்ல வந்த சுவாமியும் நின்றபடியே சொன்னார். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் போய்விட்டார்கள். பக்கத்து ஒழுங்கையில் மண்டபத்துக்குள் கதிரைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சும்மா கிடந்தன.

சங்கத் தலைவர் அம்புறோஸ் வந்திருந்தார். பெயருக்குப் பின்னால் சமாதான நீதவான் என்று போடாமல் தும்மவும் மாட்டார் என்றாலும், கெட்ட மனுசன் என்று சொல்ல முடியாது. சவிரியானின் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையான கவலையோடுதான் சொன்னார்.

"தம்பி, உம்மட கவலை எங்கட கவலை. ஆனா கதிரை அங்கத்தவருக்கு. எல்லாருக்கும் குடுத்தால் பிறகு அங்கத்தவருக்கு என்ன மதிப்பு, சொல்லும் பாப்பம்?"

மறுமாதமே சவிரியான் சங்கத்தில் சேர்ந்தார்.

சேர்ந்த அன்று அவர் நடந்த நடை இருக்கிறதே! நெஞ்சு முன்னே போக ஆள் பின்னே போனார். கரையில் நின்றவர்கள் "எங்கட ஆள் வாறார்" என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. எங்கட ஆள். முகாமில் இருந்த அத்தனை வருசத்திலும் ஒருவரும் அவரைப் பார்த்துச் சொல்லாத சொல். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் குசினிக்குள் போனார்.

"றஞ்சி, நானும் இப்ப சங்கம்."

"அப்ப நேற்றுவரைக்கும் என்னவா இருந்தனீங்கள்?"

"நேற்று… சும்மா இருந்தனான்."

"அந்தச் சும்மா இருந்த மனுசனைத்தான் நான் கட்டினனான்," என்று சொல்லிவிட்டு அவள் மீனை உரசத் தொடங்கினாள். அவளுக்கு இந்தக் கூத்துகளில் நாட்டம் இல்லை. முகாமில் சாமானுக்கு வரிசையில் நிற்கும்போதும் நிமிர்ந்து நின்ற பொம்பிளை அவள்.

முதல் கூட்டத்துக்குச் சவிரியான் வெள்ளைச் சேட்டு அழுத்திப் போட்டுக்கொண்டு போனார். வாசலில் பார்த்த முகங்கள் எல்லாம் சிரித்தன. பிறகு அந்த முகங்கள் ஒவ்வொன்றாக மேடைக்கு ஏறின. தலைவர், உபதலைவர், இணைத்தலைவர், முன்னாள் தலைவர், அடுத்த வருசத் தலைவர். போசகர், பிரதம போசகர். கதிரைப் பொறுப்பாளர், துணைக் கதிரைப் பொறுப்பாளர், கொட்டகைக் கயிற்றுப் பொறுப்பாளர், கண்ணீர் அஞ்சலிப் பதாகைச் செயலாளர். ஏறிக்கொண்டே இருந்தார்கள். மேடை காணாது என்று போனவருசம் பலகை போட்டு நீட்டியிருந்தார்கள், அதுவும் காணவில்லை. கடைசியில் மேடைக்குக் கீழே, அந்தப் பெரிய மண்டபத்தின் நடுவில் ஒரேயொரு கதிரை இருந்தது. சவிரியான் அதில் இருந்தார்.

மங்கள விளக்கை எல்லாரும் ஏற்ற வேண்டியிருந்ததால் திரி முடிந்து, ஆள் அனுப்பித் திரி வாங்கி வந்து ஏற்றினார்கள். பிறகு மாலை. பொதுமக்கள் மாலை அணிவிப்பார்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பொதுமக்கள் என்றால் ஆர்? சவிரியான் எழும்பிப் போய் ஒவ்வொரு கழுத்துக்கும் போட்டார். பிரதம போசகர் உயரமான மனுசன், அவருக்கு எம்பிப் போட வேண்டியிருந்தது. பிறகு தேத்தண்ணி வந்தது. மேடைக்கு றோல்ஸ், பொதுமக்களுக்குப் பிஸ்கற்.

தலைவர் அம்புறோஸ் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"மன்னார் ரவுணில நடந்த செயலமர்வுக்குப் போயிருந்தனான். வகுப்பெடுக்க வந்த வளவாளர் சொன்னார், மனுசன் ஒரு குழுவில சேர்ந்திருந்தால் அவன்ட தன்மதிப்புக் கூடுமாம். நான் என்னையே திரும்பிப் பார்த்தன். ஓம், கூடித்தான் இருக்கு! எனக்குப் பிறசர்கூடக் குறைஞ்சு போச்சு. எங்கட செயலாளர் நிப்ராசைப் பாருங்கோ. முந்தி அவற்ற ஹாட்வெயார் கடைக்கு ஆள் வந்தால் அவர் எழும்பி நிப்பார். இப்ப வாறவன் நிக்கிறான்! இவ்வளவு தன்மதிப்பும் எங்க இருந்து வந்தது? வானத்தால விழுந்ததோ? இல்லை. இந்தா, கீழ இருக்கிறாரே எங்கட பொது அங்கத்தவர், அந்தக் கதிரையில இருந்துதான் வந்தது. இனி இவர் தந்துகொண்டே இருப்பார். குறையுது எண்டு வாய் திறந்து சொல்லவே மாட்டார்!"

சவிரியான் கைதட்டினார். அவரைவிட்டால் தட்ட ஆளும் இல்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு அவருக்கு அது சந்தோசமாகவே இருந்தது.

சந்தோசம் கொஞ்சக் காலம் தாக்குப்பிடித்தது. செத்தவீடுகள் வந்தன. கதிரைப் பொறுப்பாளர் கதிரைகளுக்குப் பொறுப்பாக நிற்க, சவிரியான் கதிரைகளைச் சுமந்தார். கயிற்றுப் பொறுப்பாளர் கயிற்றைப் பற்றி விளக்க, சவிரியான் கட்டினார். இதில் அவருக்கு வருத்தமில்லை, உடம்பு வேலைக்குப் பழகினது. ஆனால் செத்தவீட்டில் எல்லாக் கதிரையிலும் பதவிக்காரர் இருந்துவிட, அவருக்கு மட்டும் இருக்க இடமில்லாமல் பனைக்குக் கீழே போய் நின்றபோது தாயின் செத்தவீட்டில் சனம் நின்றது ஞாபகம் வந்தது. அன்று பின்னேரமே நிப்ராசின் கடைக்குப் போனார். நிப்ராஸ் பக்கத்துத் தாராபுரத்தில் இருந்து வந்து கடை போட்டவர், கணக்காகக் கதைப்பவர்.

"தம்பி, எனக்கும் ஒரு பதவி தாருங்கோவன். சின்னனா இருந்தாலும் காணும்."

"யா அல்லாஹ், சவிரியான் அண்ணன், என்ன கதை கதைக்கிறீங்க?" நிப்ராஸ் அவருக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். "உங்களுக்குத் தரக் கூடாதெண்டில்லை. சட்டம் விடாது. பதவியில இருக்கிறவங்க கை தூக்க ஏலாது. பொது அங்கத்தவர் கை தூக்கித்தான் எங்களைத் தெரிவு செய்யோணும். ஒரு பொது அங்கத்தவராவது இல்லாட்டி சங்கத்தின்ட பதிவே போயிரும். முந்தி இருந்தவரும் நீங்க சேர்ந்த பிறகுதான் மேடைக்கு ஏறினவர். நீங்கதான் அண்ணன் எங்கட தூண்."

"அப்ப வேற ஒரு ஆளைச் சேர்த்துவிட்டால்?"

"தாராளமா! ஆள் கொண்டுவாங்க, இன்ஷா அல்லாஹ் அடுத்த கூட்டமே உங்களுக்குப் பதவி."

சவிரியான் ஆள் பிடிக்கப் புறப்பட்டார். முதலில் அகப்பட்டவன் றொசாந்தன், கட்டாரில் இருந்து லீவில் வந்து திரும்பிப் போகாமல் நின்றுவிட்ட பெடியன். கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டு இருத்தினார். விளக்கேற்றி முடிவதற்குள் றொசாந்தன் மேடையில் இருந்தான். வெளிநாடு போய்வந்தவனைக் கீழே வைப்பது ஊருக்கு அவமானம் என்று அவனை வெளிநாட்டு விவகாரச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். சவிரியான்தான் அதற்கும் கை தூக்கினார். அடுத்து வெள்ளாங்குளத்தில் இருந்து மகள் வீட்டில் இருக்க வந்திருந்த கனகம்மா. மகளிர் பக்கம் ஆளில்லை என்று அந்த அம்மாவையும் மேலே தூக்கிப் போனார்கள். போகும்போது கனகம்மா பாவப்பட்டு, தன் கையில் இருந்த பிஸ்கற்றைச் சவிரியானிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு இனி றோல்ஸ் வரும்தானே.

அதற்குப் பிறகு மனுசன் தேயத் தொடங்கினார். கூனல் என்று சொல்ல முடியாது, ஆனால் ஆள் முன்பிருந்த உயரம் இல்லை. படகில் சோற்றுப் பார்சலை அவிழ்க்குமுன் மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார். றஞ்சினி "குழம்பு விடட்டோ?" என்று கேட்டால் "தலைவர் என்ன சொல்லுறாரோ" என்று வாய்க்குள் வந்துவிடும். ஒரு ஞாயிறு கோயிலில் சுவாமி பிரசங்கத்தை முடித்து ஆமென் சொன்னதும் சவிரியான் தன்னை மறந்து கைதட்டிவிட்டார். கோயிலே திரும்பிப் பார்த்தது. கோயிலுக்கு வந்திருந்த மேடைக்காரர் அவரைப் பெருமையோடு பார்த்தார்கள், நன்றாகப் பழக்கியிருக்கிறோம் என்று. றஞ்சினி மட்டும் தலையைக் குனிந்தாள். அவள் தலை குனிந்து அவர் கண்டது அன்றைக்குத்தான்.

விலகிவிடுவது என்று முடிவெடுத்தார். அடுத்த கூட்டத்தில் எழும்பி நின்று சொல்லியும் விட்டார். நிப்ராஸ் சட்டத்தைப் பார்த்துச் சொன்னார், விலகலைப் பொது அங்கத்தவர் கை தூக்கி ஏற்க வேண்டும் என்று. சவிரியான் சட்டென்று கையைத் தூக்கினார்.

"உங்கட விசயத்தில நீங்களே கை தூக்க ஏலாது அண்ணன். அது பக்கச்சார்பு."

"அப்ப ஆர் தூக்கிறது?"

"வேற பொது அங்கத்தவர்."

"வேற ஒருத்தரும் இல்லையே?"

"அதுதான் கவலை," என்றார் நிப்ராஸ், உண்மையாகவே கவலைப்பட்டு. அம்புறோஸ் மேடையில் இருந்து இறங்கி வந்து, சவிரியானின் தோளில் கை வைத்து, கூட்டத்துக்குக் கேளாத குரலில் சொன்னார்.

"போறது எண்டால் வராமலே நிண்டுபோடலாம், ஆரும் உம்மைக் கட்டியிழுக்க மாட்டம். ஆனா யோசியும். கடவுள் காக்கோணும், நாளைக்கு றஞ்சினிக்கு ஒண்டு எண்டால்? சனம் நிக்கட்டோ?"

சவிரியான் இருந்துவிட்டார். வேறென்ன செய்வார்?

இரண்டு நாள் கடலுக்குப் போகாமல் வீட்டில் கிடந்தார். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தார். றஞ்சினி எல்லாவற்றையும் பார்த்தாள், பிறகு பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து முன்னால் நின்றாள்.

"இஞ்சாருங்கோ. நான் போய் அந்தக் கதிரையில இருக்கிறன். நீங்கள் ஏறுங்கோ."

"உனக்கென்ன விசரே? நீ ஏன் அதில இருக்கிறது?"

"எனக்கு எங்க இருந்தாலும் ஒண்டுதான். நீங்கள்தான் உருகிறியள். எனக்குப் பதவி தந்தால் வேண்டாம் எண்டு சொல்லுவன், அவ்வளவுதானே?"

"வேண்டாம் றஞ்சி," என்றார் சவிரியான். ஒருதரம்தான் சொன்னார். இரண்டாம்தரம் சொல்ல நினைத்தபோது அவருக்கு மேடையில் இருந்து மண்டபம் எப்படித் தெரியும் என்ற யோசனை வந்துவிட்டது.

சங்கம் சந்தோசத்தோடு றஞ்சினியைச் சேர்த்துக்கொண்டது. சவிரியானுக்கென்று புதிதாக ஒரு பதவி செய்தார்கள். கரகோச இணைப்பாளர். பேச்சில் எந்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்று கை காட்டுவது அவர் வேலை. இத்தனை வருசம் தட்டியவருக்குத்தானே இடம் தெரியும் என்று அம்புறோஸ் விளக்கினார். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் மற்றவர்களோடு சேர்த்து அவரையும் தெரிவு செய்வார்கள், அதுவரைக்கும் தற்காலிகம்.

பொதுக்கூட்ட நாளில் சவிரியான் மேடைக்கு ஏறினார். பலகை அவருடைய பாரத்துக்குக் கிறீச்சிட்டது. அவருக்கும் மாலை விழுந்தது. போட்டவள் றஞ்சினி. கலியாணத்துக்குப் பிறகு அவள் அவருக்குப் போட்ட மாலை அதுதான், ஆனால் அவர் அதை நினைக்கவில்லை. கழுத்தில் பூ குளிர்ந்தது, முதுகு தானாக நிமிர்ந்தது, றோல்ஸ் சுடச்சுட வந்தது. கீழே பார்த்தார். பெரிய மண்டபத்தின் நடுவில் ஒரு சின்னப் பொம்பிளை இருந்தாள். மேலே இருந்து பார்க்க அவளுடைய வகிட்டில் நரை தெரிந்தது. மணிக்கட்டில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. கழுவிப்போட்டு வந்திருக்கலாம் என்று நினைத்தார்.

அட, அப்படி நினைத்துவிட்டோமே என்று உடனேயே அவருக்குத் திக்கென்றது. ஆனால் அதற்குள் நிப்ராஸ் பெயர்களை வாசிக்கத் தொடங்கிவிட்டார். தலைவரில் தொடங்கி கரகோச இணைப்பாளர்வரை வாசித்து முடித்து, "ஏற்றுக்கொள்ளும் பொது அங்கத்தவர்கள் கை தூக்கவும்" என்றார்.

றஞ்சினி கையைத் தூக்கவில்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன. விளங்கவில்லையோ என்று நிப்ராஸ் இன்னொருதரம் சொன்னார்.

"விளங்கினது," என்றாள் றஞ்சினி. "தூக்காட்டி என்ன நடக்கும், தம்பி?"

"தூக்காட்டி… ஒருத்தருக்கும் பதவி இல்லை, அக்கா."

"சங்கம்?"

"கலைஞ்சு போகும்."

"அப்ப கதிரையள்?"

நிப்ராஸ் பொய் சொல்லாத மனுசன். "அது ஊர்ப் பொதுவாப் போகும். ஆரும் எடுக்கலாம்."

"ஆரும்?"

"ஆரும்."

றஞ்சினி மேடையை இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம்வரை ஒருதரம் பார்த்தாள். "அப்ப இவ்வளவு காலமும் உங்கள் எல்லாரையும் தூக்கி வைச்சிருந்தது இந்த மனுசன்ட ஒரு கை," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சந்தையில் மீன் விலை சொல்வதைப்போலச் சொன்னாள். பிரதம போசகர் தன் கழுத்து மாலையைக் கையால் பிடித்துக்கொண்டார், யாரோ கழற்ற வருகிறார்கள் என்று. அம்புறோசின் முகம் வெளுத்துவிட்டது.

"பிள்ளை, நீர் யோசிக்காமல் கதைக்கிறீர்," என்றார் அவர், ஒலிவாங்கி இல்லாமல். அவர் குரல் இவ்வளவு சின்னக் குரல் என்று சவிரியானுக்கு அதுவரை தெரியாது. "எல்லாரும் கதிரையில இருந்தால், இருக்கிற சுகம் ஆருக்கு? இந்தப் பதவி இல்லாட்டி நான் ஆர்? சும்மா ஒரு அம்புறோஸ்." சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. அவர் மெல்லச் சவிரியான் பக்கம் திரும்பினார். "தம்பி, உம்மட மனுசிதானே. போய்ச் சொல்லும்."

சவிரியான் மேடையில் இருந்து இறங்கி வந்தார். மாலை நெஞ்சில் அடித்தது. றஞ்சினியின் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினார். அவள் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"கொஞ்ச நேரம் பேசாம இருங்கோ. நான் கையைத் தூக்க மாட்டன். எல்லாம் முடிஞ்சிடும், நாங்கள் வீட்ட போவம். மாமி செத்தநேரம் சனம் நிண்ட மாதிரி இனி ஒருத்தரும் நிக்கத் தேவையில்லை."

அவள் சொன்னது முழுக்கச் சரி. அவருக்கே அது தெரிந்தது. வாயைத் திறந்து ஓம் என்று சொல்லத்தான் நினைத்தார்.

"றஞ்சி," என்றார், "எனக்கு இண்டைக்குத்தான் கிடைச்சது."

றஞ்சினி அவர் முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். முகாமில் கூரை பிய்ந்து போன மழைநாளிலும், மாமியை வெயிலில் தூக்கிப்போன நாளிலும் அவள் அவரை இப்படிப் பார்த்ததில்லை. அவள் கண் கலங்கியது, ஆனால் அழவில்லை. பிறகு மடியில் இருந்து வலக்கையை எடுத்து, செதில் ஒட்டிய அந்தக் கையை மேலே தூக்கினாள்.

மேடை முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டது. நிப்ராஸ் நெற்றியைத் துடைத்தார். ஒலிவாங்கியைப் பிடித்ததும் அம்புறோசுக்குக் குரல் திரும்பி வந்தது. இனி இப்படி ஊருக்கு ஆபத்து வராதபடி தெரிவு வருசா வருசம் தேவையில்லை, இன்றைய தெரிவே நிரந்தரம் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அதற்கும் கை வேண்டியிருந்தது. றஞ்சினி இறக்காமல் வைத்திருந்த கையே அதற்கும் காணும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சவிரியான் திரும்ப மேடைக்கு ஏறித் தன் கதிரையில் இருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது, உடம்பு எரிகிற வெட்கம். அதைவிடச் சந்தோசமாகவும் இருந்தது. தலைவர் நன்றி சொல்லி முடித்துவிட்டு அவர் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். மேடையில் இருந்த எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். சவிரியான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கீழே பார்த்துக் கை காட்டினார். றஞ்சினி கைதட்டினாள்.